ஓர் எழுத்தும் மாறாமல்

கௌதமனின் பெயர் எங்கேயும் அச்சானதில்லை. அவர் எழுதியது மட்டும் இருபத்தெட்டு ஆண்டுகளாக அச்சாகிக்கொண்டே இருந்தது. ஓய்வூதியப் படிவத்தின் பின்பக்கக் குறிப்புகள், புயல் எச்சரிக்கைத் துண்டறிக்கை, மீனவர் அடையாள அட்டைக்கான விண்ணப்பம். தமிழ்நாட்டில் இவற்றில் ஒன்றையாவது படிக்காதவர் குறைவு. எழுதியது யார் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. அரசாங்கத் தமிழுக்குத் தகப்பன் பெயர் கிடையாது.

அம்பாசமுத்திரத்துக்காரர். முப்பத்தொரு வயதில் டெல்லிக்கு வந்து மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்றில் சேர்ந்தார். மயூர் விஹாரில் மூன்றாம் மாடியில் வீடு. லாஜ்பத் நகரில் மெட்ரோ மாறினால் லோதி ரோட்டு அலுவலகம். வருகிற மார்ச்சில் ஓய்வு. அந்த வாழ்க்கையில் குறை சொல்ல அதிகமில்லை, பெருமைப்படவும் அதிகமில்லை. தன்னுடையது என்று அவர் நினைத்தது ஒன்றே ஒன்று, அவர் தொகுத்த கலைச்சொல் பட்டியல். ஆங்கிலச் சொல் இடப்பக்கம், தமிழ்ச் சொல் வலப்பக்கம். நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள். பிரிவில் யார் எதை எழுதினாலும் அந்தப் பட்டியலைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம்.

ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது அந்தப் புத்தகம் வந்தது. அமெரிக்காவின் முதல் அதிபர்கள் சிலரின் உரைகளை இந்திய மொழிகளில் வெளியிடுவது என்று மேலே முடிவாகியிருந்தது. பல மாநிலங்கள் ஒரே நாடாக ஒட்டியிருப்பது எப்படி, ஒட்டியிருக்கும்போது ஒத்துப்போகாதவனை என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றிவரும் உரைகள். தமிழுக்கு நால்வர் குழு. தலைவர் விஸ்வநாதன், ஓய்வுபெற்ற அதிகாரி. அடுத்து பெரியண்ணன், பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற கொங்குநாட்டுக்காரர். மூன்றாவது கௌதமன். நான்காவது மதுமதி, பிரிவில் சேர்ந்து இரண்டே ஆண்டு ஆனவள்.

முதல் கூட்டத்திலேயே விஸ்வநாதன் சொல்லிவிட்டார்: "முதல் பக்கத்துல 'தமிழாக்கப் பொறுப்பு'ன்னு ஒரே ஒரு பேர்தான் வரும். மத்தவங்க பேரெல்லாம் கடைசிப் பக்கம். யாருங்கறதை, பிரதி முழுசா முடியட்டும், பார்த்துச் சொல்றேன்."

கௌதமனுக்கு அன்று மதியம் தயிர்சாதம் இறங்கவில்லை. பார்த்துச் சொல்வதாம். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

பார்ப்பதற்கு மதுமதி இருந்தாள். டெல்லியில் பிறந்தவள், முப்பத்திரண்டு வயது. பேச்சுத் தமிழ் சேலத்து அம்மாவிடம் கற்றது. எழுத்துத் தமிழ் கல்லூரி முடித்த பிறகு தானாகப் படித்தது. இன்றைக்கும் வரியின் மேல் விரல் வைத்துத்தான் வாசிப்பாள். ஆனால் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தை அவள் காலைப் பத்திரிகைபோலப் படிப்பாள். கௌதமன் ஒரு வாக்கியத்தின் வால் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். அவள் பேசும்போது விஸ்வநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பார். கௌதமன் பேசும்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்ப்பார். கௌதமன் இதை மூன்று கூட்டங்களில் கவனித்து உறுதி செய்துகொண்டார்.

உரைகளைப் பிரித்ததிலும் அவருக்கு மனத்தாங்கல். வாஷிங்டனின் விடைபெறும் உரை அவருக்கு வந்தது. உரை என்று பெயரே தவிர அதை வாஷிங்டன் எங்கேயும் நின்று பேசவில்லை. செய்தித்தாளில் வந்த நீளமான கடிதம். ஒன்றாக இருங்கள், கட்சிச் சண்டையில் நாட்டைப் பிளந்துவிடாதீர்கள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. மதுமதிக்கு வந்தது ஜெஃபர்சனின் முதல் பதவியேற்பு உரை. சின்னது. படித்தவர்கள் மேற்கோள் காட்டுவது.

"எனக்குக் கிழட்டு எருமை, அவளுக்குக் கன்னுக்குட்டி," என்றார் வீட்டில்.

"யாருக்கு?" என்றாள் மனைவி இளவரசி, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

"அதான், அந்த மதுமதிக்கு."

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல எம்பேர இத்தன தடவ சொல்லியிருக்க மாட்டீங்க. நேத்து ராத்திரி சோத்துக்கும் அவ பேச்சு, இன்னைக்குத் தோசைக்கும் அவ பேச்சு. நான் நல்லவளாப் போய்ட்டேன். வேற எவளாவதா இருந்தா இந்நேரம் அவ வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பா."

"வெளயாடாத. அவளுக்கு ஒற்று போடவே தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. என்மேல இவ்வளவு கோவப்பட்டதில்லயே."

எல்லாருடைய பிரதியையும் பிழை திருத்தும் பொறுப்பு கௌதமனுடையது. அக்டோபரில் மதுமதியின் உரை மேசைக்கு வந்தது. பொறாமையிடம் ஒரு நற்குணம் உண்டென்றால், அது கவனமாகப் படிக்கும். அவள் தமிழை அவள் அம்மாகூட அவ்வளவு ஊன்றிப் படித்திருக்க மாட்டாள். 'அதை பற்றி' என்று இருந்தால் சிவப்பு மையில் ஒரு 'ப்'. 'எல்லோருக்கும் தெரிந்த கொல்கை' என்று இருந்தால் அந்த 'ல்'லைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம். ஆறு பக்கத்தில் நாற்பத்தொரு பிழை. எண்ணி, முதல் பக்கத்தின் மூலையில் எழுதி வைத்தார். தேவையில்லாத வேலை அது.

பெரியண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா மதுமதி, நாட்டு ஒற்றுமையப் பத்தி எழுதறவங்க ஒற்றைத் தொலைச்சுப்போட்டா எப்படிங்க? ஒற்று இல்லாம ஒற்றுமையே எழுத முடியாதுங்களே!"

அவளும் சிரித்தாள். "சச் பாத் ஹை, உண்மைதான் சார்." சிரித்தது கௌதமனுக்குப் பிடிக்கவில்லை. அவமானப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பவர்களை என்ன செய்வது?

நாலாம் பக்கத்தில்தான் அவர் தேடிக்கொண்டிருந்தது கிடைத்தது. பெரும்பான்மையின் விருப்பமே நடக்கும். ஆனாலும் அந்த விருப்பம் நியாயமாக இருந்தால்தான் அது சரி. மைனாரிட்டிக்கும் அதே உரிமைகள் உண்டு, சட்டம் அவற்றைக் காக்க வேண்டும், மீறினால் அது கொடுங்கோன்மை என்பது அந்த இடத்தின் பொருள். மைனாரிட்டி என்று மூலத்தில் இருந்த சொல்லுக்கு மதுமதி 'வாக்கில் தோற்றவர்கள்' என்று எழுதியிருந்தாள். கௌதமனின் பட்டியலில் அதற்கு 'சிறுபான்மையினர்' என்று இருபது ஆண்டுகளாக இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல். இது ஒற்றுப் பிழை அல்ல, பொருட்பிழை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். அந்த வாரத்தில் அவருக்கு ருசித்த ஒரே டீ.

நவம்பர்க் கூட்டத்தில் அதை எடுத்தார்.

"பட்டியல்ல தெளிவா ஒரு சொல் இருக்கு. அதை விட்டுட்டு இப்படிச் சொந்தமா எழுதறதுக்கு என்ன காரணம்னு மதுமதி சொல்லணும்."

மதுமதி தாளின் மேல் விரலை வைத்தாள். "சார், எனக்குத் தமிழ்ச் சொல் உடனே வராது. அதனால, இது யாருன்னு முதல்ல கேட்டேன். ஆயிரத்து எண்ணூத்தி ஒண்ணுல, எலெக்‌ஷன் முடிஞ்ச கையோட பேசறார். முன்னாடி உக்காந்திருக்கறதுல பாதிப் பேர் அவருக்கு எதிரா ஓட்டுப் போட்டவங்க. அவங்களப் பார்த்துதான், நீங்க தோத்தாலும் உங்க உரிமை போகாதுன்னு சொல்றார். மதத்தையோ மொழியையோ வச்சுச் சொல்லல."

"சிறுபான்மைன்னா எண்ணிக்கையில குறைஞ்சவங்கதானே? தோத்தவங்களும் அதுல அடக்கம்தானே?"

"அகராதியில அடக்கம் சார். ஆனா இன்னைக்குப் படிக்கறவங்க காதுல அப்படி விழாதே."

"விழட்டுமே!" கௌதமனுக்குக் குரல் ஏறியது. "இந்த ஊர்ல நாமே மொழிச் சிறுபான்மைதான். நம்மளப் பத்தி ஒரு பெரிய மனுஷன் சொன்ன மாதிரி இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவர் வீட்ல அடிமைங்க இருந்தாங்க சார்," என்றாள் மதுமதி. குரலை உயர்த்தவில்லை. "அவங்களுக்கு எந்த உரிமையும் இல்ல. பொம்பளைங்களுக்கு ஓட்டும் இல்ல. அவர் சொன்னது, ஓட்டுப் போட்டுத் தோத்த ஆம்பளைங்களுக்கு. அதுவே பெரிய விஷயம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாச் சிறுபான்மைக்கும் சேர்த்துப் பேசினார்னு எழுதினா, அவர் போடாத கிரீடத்த நாம மாட்டிவிடறோம்."

விஸ்வநாதனின் கண்ணாடி மேசைமேல் கிடந்தது. கௌதமன் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டும் சரியாப் படுதுங்க," என்றார் பெரியண்ணன். "ஆனா பட்டியல்னு ஒண்ணு வச்சுக்கிட்டு ஆளுக்கொரு சொல்லுன்னு போனா, அப்புறம் அதை எதுக்கு வச்சிருக்கோம்ங்க? நான் கௌதமன் பக்கம்."

விஸ்வநாதன் யோசித்தார். பட்டியலை உடைத்தால் மற்ற மொழிக் குழுக்கள் கேள்வி கேட்கும் என்று அவரும் கௌதமன் பக்கம் கை தூக்கினார். மூன்றுக்கு ஒன்று.

"பெரும்பான்மை முடிவு பண்ணியாச்சு," என்று பெரியண்ணன் கண்ணடித்தார். "இனி தோத்தவங்க உரிமை என்னன்னு பாக்கணும்ங்க."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். மதுமதி வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து குழுக்களின் நடைமுறை விதிப் புத்தகத்தை எடுத்து ஒன்பதாம் விதியை விரல் வைத்து வாசித்தாள்: "மாற்றுக் கருத்துடைய உறுப்பினர் எழுதித் தரும் குறிப்பு, ஓர் எழுத்தும் மாறாமல் அடிக்குறிப்பாகச் சேர்க்கப்பட வேண்டும்."

அந்த விதியைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தமிழாக்கியவர் கௌதமன். ஆங்கிலத்தில் 'மாற்றமின்றி' என்ற அளவில்தான் இருந்தது. 'ஓர் எழுத்தும் மாறாமல்' என்று தமிழுக்கு ஏற்ற வீச்சோடு எழுதியது அவருடைய கைவண்ணம்.

ஜெயித்தவருக்கு நிம்மதி இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அவர் அலுவலக நூலகத்துக்குப் போனார். அவள் அடிக்குறிப்பில் என்ன எழுதினாலும் வாயடைக்கிற மாதிரி வரலாற்றிலிருந்து ஒரு சான்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணம். மூன்று மதியங்கள் படித்தார். அந்தத் தேர்தலில் இரண்டு கட்சிகளும் ஒருவரையொருவர் நாட்டைக் கெடுக்க வந்தவர்கள் என்று ஏசியிருந்தார்கள். ஜெஃபர்சனுக்கும் அவர் கட்சியின் இன்னொருவருக்கும் வாக்குகள் சமமாகி, பிரதிநிதிகள் மன்றத்தில் முப்பத்தாறு முறை வாக்கெடுத்துத்தான் முடிவு வந்திருக்கிறது. தோற்ற அதிபர் ஆடம்ஸ், புதியவர் பதவியேற்கிற அன்று விடியுமுன்பே வண்டியேறி ஊரைவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்ட காலையில், தோற்ற கட்சிக்காரர்களைப் பார்த்துத்தான் அந்த வாக்கியம் சொல்லப்பட்டது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் மதுமதி சொன்னதுதான் இருந்தது. அவள் சொன்னது சரி என்று தெரிந்த பிறகு அவளைப் பார்க்க இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பாகச் சொல்கிறவர்கள்மேல் இப்படி எரிச்சல் வருவதில்லை.

தமிழ் தெரியாததால் அல்லவா அவளுக்கு அது புலப்பட்டது! அவருக்கு ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் தமிழ்ச் சொல் தானே வந்து நின்றுவிடும். இடையில் 'இது யாரு?' என்று கேட்க ஒரு கணமும் இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தன் திறமை என்று எதை நினைத்தாரோ அதுதான் அவரை ஏமாற்றியிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜனவரியில் மதுமதியின் குறிப்பு வந்தது. பதினொரு வரி. அடுத்த நாள் மாலை முழுப் பிரதியும் விஸ்வநாதனுக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் முதல் பக்கத்துப் பெயர்.

கௌதமன் படித்தார். நல்ல குறிப்பு. அதைவிடச் சுருக்கமாக அதைச் சொல்ல முடியாது. ஒற்று விட்டுப்போனது ஏழு இடம். மூன்றாவது வரியில், தோற்றவர்களுக்கும் பேச வழி வேண்டும் என்று எழுத வந்தவள், 'தோற்றவர்களுக்கும் பேச வலி வேண்டும்' என்று எழுதியிருந்தாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஓர் எழுத்தும் மாறாமல். விதி தெளிவாக இருக்கிறது. அவர் கை வைக்கக் கூடாது. அப்படியே சேர்த்து அனுப்பினால் போதும். விஸ்வநாதன் படிப்பார். முதல் பக்கத்தில் தமிழாக்கப் பொறுப்பு என்று ஒருத்தி பெயரைப் போட்டுவிட்டு, உள்ளே அவளே வலிக்கும் வழிக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதியிருந்தால் தமிழ்நாட்டில் யார் மதிப்பார்கள்? விஸ்வநாதன் அவ்வளவு துணிந்த மனிதர் இல்லை. மதுமதியின் உரிமையை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியே அவளை ஒழித்துவிடலாம். யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் காலை இளவரசி காபியை வைத்தாள். "என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? அவ என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல. ஒரு எழுத்தத் தப்பா எழுதிட்டா."

"நல்லதாப் போச்சு. அதுக்குத்தானே தவம் கெடந்தீங்க."

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். மெட்ரோவில் நிற்க இடம் கிடைத்தது. நிஜாமுதீன் வரைக்கும் அப்படியே அனுப்பிவிடுவது என்று இருந்தார். லாஜ்பத் நகரில் இறங்கி மாறும்போதும் அப்படித்தான் இருந்தார். மேசைக்கு வந்து கோப்பைத் திறந்தபோது அந்த 'வலி' மறுபடி கண்ணில் குத்தியது. அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. இதை நல்ல மனம் என்று சொல்லிவிட முடியாது. பல்லில் சிக்கிய நாரை நாக்கு விடாமல் தேடுவது நல்ல மனத்தாலா? ஆனால் தோற்றவன் சொல்லை ஜெயித்தவன் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் அந்த விதியை அப்படி எழுதினோம் என்பதும் அவருக்கு நினைவுக்கு வந்தது. அந்த நினைவு வேண்டாத விருந்தாளிபோல எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. பதினொன்றரை மணிக்குப் போனை எடுத்தார். மதுமதி அன்று விடுப்பு.

"மதுமதி, உங்க குறிப்புல மூணாவது வரிய வாசிங்க."

"நமஸ்தே சார். 'தோற்றவர்களுக்கும் பேச வழி வேண்டும்'. அச்சா, என்ன சார்?"

"வாயால வாசிக்காதீங்க. எழுத்தப் பாருங்க."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "அரே... ஹாய் ராம்! தோத்தவங்களுக்குப் பேசவே வலிக்கணும்னு எழுதிட்டேனா?" அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். "சார், யோசிச்சா அதுவும் சரிதான்."

கௌதமன் சிரிக்கவில்லை. "இன்னும் ஏழு இடத்துல ஒற்று இல்ல. நான் தொடக் கூடாது, விதி இருக்கு. நீங்களே திருத்தி நாலு மணிக்குள்ள அனுப்புங்க. எழுதிக்கிங்க. முதல் வரி, 'கட்சிக்கு கொடுத்த'. 'கு'வுக்கு அப்புறம் ஒரு 'க்'."

ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டாள். அவர் ஏன் என்றும் சொன்னார். இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் அவள் கேட்டாள்: "சார், ஜெயிச்சது நீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

"பிரதி என் கையாலதான் போகுது," என்று சொல்லிப் போனை வைத்தார்.

விஸ்வநாதன் மூன்று நாளில் படித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். "என்னய்யா இது, கீழ இருக்கிற குறிப்பு மேல இருக்கிற வரியத் தூக்கி முழுங்கிட்டதே! உங்க சொல்ல மாத்திடலாமா?"

"குழு முடிவு சார்," என்றார் கௌதமன். அதை மட்டும் அவரால் கொடுக்க முடியவில்லை. "மாத்தணும்னா குழு கூடணும்."

"அதுக்கு நேரமில்ல. சரி, மேல உங்க சொல் இருக்கட்டும், கீழ அவ குறிப்பு இருக்கட்டும். படிக்கிறவன் பார்த்துக்குவான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தபடி மீதியைச் சொன்னார். "முதல் பக்கத்துல அந்தப் பொண்ணு பேர் போடறதுன்னு இருக்கேன். நீங்க வருத்தப்பட மாட்டீங்கன்னு தெரியும்."

வருத்தப்பட மாட்டார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கௌதமன் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் முதல் பக்கத்தின் மெய்ப்பு வந்தது. பிழை பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். பக்கத்தின் நடுவில் பெரிய எழுத்தில், தமிழாக்கப் பொறுப்பு: மதுமதி. மொத்தம் பன்னிரண்டு சொல் உள்ள பக்கம். அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படித்தார். பொறுப்புக்கு 'ப்' இருந்தது. தமிழாக்கத்துக்கு அடுத்த 'ப்'பும் இருந்தது. ழகரம் ழகரமாகவே இருந்தது. கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார். அவள் பெயரில் நான்கே எழுத்து. அதைத் தனியாக இரண்டு தடவை பார்த்தார்.

மெய்ப்பை வாங்கிப்போக வந்த அச்சகத்து ஆள் வாசலில் நின்று, "பாபுஜி, ஒரு பக்கம்தானே, ஜல்தி," என்றான்.

"இரு," என்றார் கௌதமன். "இன்னொரு தடவை பார்த்துடறேன்."